தூது சென்ற ஔவை எங்கே?

2025 மே மாதத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் ஏவுகணைகளையும் ட்ரோன்களையும் ஏவிக்கொண்டிருந்த நாள்களில், மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் குடிமைப் பாதுகாப்பு இயக்ககம் தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு ஓர் அறிவுறுத்தலை அனுப்பியது. விமானத் தாக்குதலை எச்சரிக்கும் அபாயச் சங்கின் ஒலியை நிகழ்ச்சிகளில் பயன்படுத்தாதீர்கள். கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டால், மெய்யாகவே சங்கு ஊதும்போது மக்கள் அதைப் பொருட்படுத்த மாட்டார்கள் என்பது அதன் சாரம். பாவூர்சத்திரத்துத் தேநீர்க் கடையில் அந்தச் சங்கொலியைக் கேட்டபடியே நாங்கள் வடை தின்றுகொண்டிருந்தோம். நாட்டின் தென்கோடியில் போர் என்பது பின்னணி இசையோடு வரும் ஒரு மாலை நேரக் காட்சியாகியிருந்தது.

போரைக் கொண்டாட இசை எளிதில் கிடைத்துவிடுகிறது. போரை மறுத்துப் பாடும் இசை நாடகம் ஒன்று நம்மிடம் இருக்கிறதா என்ற கேள்வி அன்றுதான் எனக்குள் எழுந்தது.

ஆங்கிலேயர்களிடம் இருக்கிறது. 1963 மார்ச்சில், கிழக்கு லண்டனின் ஸ்ட்ராட்ஃபோர்ட் பகுதியில் உள்ள தியேட்டர் ராயல் அரங்கில், ஜோன் லிட்டில்வுட் இயக்கிய ‘ஓ, வாட் எ லவ்லி வார்’ அரங்கேறியது. முதல் உலகப் போரில் சிப்பாய்கள் பாடிய பாடல்களைக் கொண்டே கட்டப்பட்ட நாடகம் அது. நடிகர்கள் கடற்கரைக் கேளிக்கைக் கோமாளிகளின் வெள்ளை உடையில் ஆடிப் பாடினார்கள். தலைக்கு மேலே ஒரு மின்விளக்குச் செய்திப் பலகையில், எந்தப் போர்முனையில் எத்தனை பேர் மாண்டார்கள், எவ்வளவு நிலம் கிடைத்தது என்ற கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. 1916 ஜூலை 1 அன்று, சோம் போரின் முதல் நாளில் மட்டும், பிரிட்டன் தரப்பில் மாண்டவர்கள் 19,240 பேர். காயமுற்றோரையும் காணாமற்போனோரையும் சேர்த்தால் 57,470. கீழே சிரிப்புப் பாட்டு, மேலே சாவுக் கணக்கு. பொருளாதாரம் கற்பித்தவன் என்பதால் சொல்கிறேன், வரவு செலவுக் கணக்கை இதைவிடக் கூர்மையாக எந்தப் பாடநூலும் கற்பித்ததில்லை. அந்த நாடகம் சில மாதங்களில் லண்டனின் வணிக அரங்குக்கும், 1964இல் நியூயார்க்குக்கும் சென்றது. 1969இல் ரிச்சர்ட் அட்டன்பரோ அதைத் திரைப்படமாக்கினார்.

நம் பக்கம் திரும்புவோம். தமிழ் மேடை பிறப்பிலேயே இசை மேடை. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்தில் நாடகம் என்றாலே பாட்டுதான். வசனம் அதன் இடைவெளிகளை நிரப்பியது. அந்த மேடை அரசியலுக்கும் அஞ்சவில்லை. பஞ்சாப் படுகொலையைப் பற்றி மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய பாடல் கொட்டகைதோறும் ஒலித்தது. விஸ்வநாத தாஸ் வள்ளி திருமணத்தில் முருகனாக நின்றுகொண்டே வெள்ளை ஆட்சியை எள்ளிப் பாடிச் சிறை சென்றார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் அதே முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர் துறந்தார். ஆனால் அவை ஆட்சியை எதிர்த்த பாடல்கள். போர் என்ற செயலையே எதிர்த்து நின்ற பாத்திரம் என்று தேடினால் ஒருவர்தான் அகப்படுகிறார்: ஔவை.

அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராக ஔவை தொண்டைமானிடம் சென்ற கதை நமக்குத் தெரியும். தொண்டைமான் தன் ஆயுதக் கொட்டிலைப் பெருமையோடு காட்டுகிறான். புறநானூற்றின் 95ஆம் பாட்டில் ஔவை அதைப் புகழ்வது போல் பழிக்கிறார். இங்கே உள்ள வேல்கள் மயிற்பீலி அணிந்து, நெய் பூசப்பெற்று, காவல் மிகுந்த மாளிகையில் அழகாக இருக்கின்றன. என் தலைவனுடைய வேல்களோ பகைவரைக் குத்தி முனை முறிந்து கொல்லனின் சிறு பட்டறையில் கிடக்கின்றன என்பது அதன் கருத்து. இதைக் கேட்ட தொண்டைமான் போரைக் கைவிட்டான் என்று பள்ளியில் படித்தோம்.

பாட்டைத் திரும்பப் படித்துப் பாருங்கள். போர் நின்றது என்று அதில் இல்லை. அதியமான் தூது விட, தொண்டைமான் படைக்கலம் காட்ட, ஔவை பாடியது என்று சூழலைச் சொல்லும் பழங்குறிப்பிலும் இல்லை. போரை நிறுத்தியவர்கள் பின்னால் வந்த நாம்தான். உ.வே.சாமிநாதையர் புறநானூற்றை அச்சேற்றியது 1894இல். அதற்கு முன் ஊர் அறிந்த ஔவை ஆத்திசூடிப் பாட்டி. நாவல் மரத்தடியில் முருகனிடம் தோற்ற பாட்டி. தூது சென்ற ஔவை, பொதுமக்களைப் பொறுத்தவரை, அச்சு இயந்திரம் மீட்டுத் தந்த ஔவை. அவருக்குச் சமாதானத் தூதர் என்ற பட்டத்தைச் சூட்டியது இருபதாம் நூற்றாண்டின் ஆசை. அந்த ஆசையை நான் குறை கூறவில்லை. இரண்டு உலகப் போர்களைக் கண்ட நூற்றாண்டு வேறு எதற்கு ஆசைப்பட்டிருக்கும்?

1940களின் முற்பகுதியில் டி.கே.எஸ். சகோதரர்கள் ‘ஔவையார்’ நாடகத்தை மேடையேற்றினார்கள். சங்கரதாஸ் சுவாமிகளிடம் சிறுவர்களாகப் பாடம் கேட்டு, 1925இல் சொந்தக் குழு தொடங்கியவர்கள் அவர்கள். அப்போது முப்பது வயதையொட்டி இருந்த டி.கே.சண்முகம் மூதாட்டியாக நடித்தார். பொக்கை வாய்க்காகப் பற்களைப் பிடுங்கிக்கொண்டார் என்று நாடக உலகில் இன்றும் சொல்வார்கள். அந்த வேடம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டு அவரை அவ்வை சண்முகம் ஆக்கியது. சென்னையின் லாயிட்ஸ் சாலையும் இன்று அவர் பெயரில்தான் இருக்கிறது. காலத்தைக் கவனியுங்கள். கொழும்பிலும் திருகோணமலையிலும் விசாகப்பட்டினத்திலும் ஜப்பானியக் குண்டுகள் விழுந்து, 1942 ஏப்ரலில் சென்னை நகரம் பெருமளவு காலியான காலம் அது. ஊரை விட்டு ஓடிய மக்கள், கையில் கோலோடு மன்னர்களின் அவைக்குள் அஞ்சாமல் நுழையும் ஒரு கிழவியைப் பார்க்கக் கொட்டகைக்கு வந்தார்கள்.

1953இல் ஜெமினி வாசனின் ‘ஔவையார்’ திரைக்கு வந்தது. கொத்தமங்கலம் சுப்பு இயக்க, கே.பி.சுந்தராம்பாளின் குரல் தமிழ்நாட்டையே ஆண்டது. அந்தப் படத்தில் மக்கள் வாய் பிளந்து பார்த்த காட்சி எது? யானைக் கூட்டம் பாய்ந்து வந்து கோட்டையைத் தகர்க்கும் காட்சி. அறநெறி சொல்லும் மூதாட்டியின் கதையிலும் கோட்டை இடிந்தால்தான் கைதட்டல் கிடைக்கிறது! வாசனைப் பழிக்க ஒன்றுமில்லை. நுழைவுச்சீட்டு வாங்குபவர் எதற்குக் காசு கொடுப்பார் என்பதை அவரைவிட அறிந்தவர் இல்லை.

மேடையும் திரையும் வெவ்வேறு காலத்து ஔவைகளை ஒருவராக்கின. அந்தக் கலவையில் மேலே மிதந்தது பாட்டி. அடியில் தங்கிவிட்டவர் தூதர். என் பேத்தியின் பள்ளி ஆண்டு விழாவில் அவளும் ஔவையாக வந்தாள். வெள்ளைப் பஞ்சு முடி, நெற்றியில் நீறு, கையில் கோல். நாவற்பழம் உதிர்ந்தது, மண்ணை ஊதினாள், அனைவரும் மகிழ்ந்தோம். ஆத்திசூடியில் போரைத் தொழிலாகக் கொள்ளாதே என்ற பொருளிலும் ஓர் அடி இருப்பது அந்த மேடைக்குத் தேவைப்படவில்லை. அதே அடிக்கு நேர் எதிராக, போர்த்தொழிலைப் பழகிக்கொள்ளச் சொன்னவர் பாரதி, தம் புதிய ஆத்திசூடியில். அடிமைப்பட்ட நாட்டின் கவிஞர் வேறு எப்படிச் சொல்வார்? அவர் சில காலம் வாழ்ந்த கடையம் எங்களுக்குப் பக்கத்து ஊர். கிழவியின் பேச்சையும் பாரதியின் மறுப்பையும் ஒரே மேடையில் எதிரெதிரே நிறுத்தினால் அதுவே ஒரு நல்ல நாடகம். யாரும் செய்து நான் பார்க்கவில்லை.

எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு வேறோர் ஔவையும் உண்டு. ஆடி, தை, மாசி மாதச் செவ்வாய்க்கிழமை இரவுகளில் ஆண்வாடையே இல்லாமல் அவர்கள் கூடி, உப்பில்லாக் கொழுக்கட்டை அவித்து ஔவை நோன்பு நோற்பார்கள். அங்கே என்ன கதை சொல்லப்படுகிறது என்று என் அம்மா கடைசிவரை எனக்குச் சொல்லவில்லை.

1990களின் இறுதியில் கவிஞர் இன்குலாப் எழுதிய ‘ஔவை’ நாடகத்தை அ.மங்கை மேடையேற்றினார். நரையும் கோலும் அங்கே இல்லை. பாணர் மரபில் வந்த, இளமை மாறாத, கள்ளுண்டு பாடுகிற, அதியமானோடு தோழமை கொண்ட சங்கத்துப் பெண் மீண்டு வந்தாள். பொக்ரானில் அணுகுண்டு வெடித்ததும் கார்கில் போர் மூண்டதும் அந்த ஆண்டுகளில்தான். அன்றைய ஆரவாரத்தில் அந்தக் குரல் சிறிய அரங்குகளைத் தாண்டி எத்தனை பேரை எட்டியது? எங்கள் ஊர்ப் பக்கம் அது வந்ததாக எனக்கு நினைவில்லை.

தணிக்கைதான் காரணம் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. 1876ஆம் ஆண்டின் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 ஜனவரி வரை ஏட்டில் இருந்தது உண்மை. 1954இல் சென்னை மாகாணம் தனியே இயற்றிய சட்டத்தின் பிரிவுகளை, ஞாநி தொடர்ந்த வழக்கில் 2013இல் உயர் நீதிமன்றம் செல்லாதவை ஆக்கியதும் உண்மை. ஆனால் போரைப் பற்றி நாம் பாடாமல் போனதற்குப் பெரிய காரணம், போர் நம் வாசலுக்கு வராததுதான். கடல் கடந்தால் நிலை வேறு. 1985இல் யாழ்ப்பாணத்தில் குழந்தை ம.சண்முகலிங்கம் எழுதி க.சிதம்பரநாதன் நெறிப்படுத்திய ‘மண் சுமந்த மேனியர்’ பாட்டும் அழுகையுமாக ஊர் ஊராகச் சென்றது. அதைப் போர் எதிர்ப்பு நாடகம் என்று சுருக்கிவிட முடியாது. ஆனால் பார்த்தவர்கள் எவரும் அதை வடை தின்றுகொண்டு பார்த்திருக்க மாட்டார்கள்.

போர் நம் வாசலுக்கு வரவில்லை என்றேன். அதைத் திருத்திக்கொள்ள வேண்டும். அது வேறு உருவில் வருகிறது. 2022இல் ரஷியா உக்ரைனுக்குள் நுழைந்த சில வாரங்களில் பாவூர்சத்திரத்து மளிகைக் கடைகளில் சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறியது. நம் நாட்டுக்கு அந்த எண்ணெய் பெருமளவு உக்ரைனிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. எங்கள் காய்கறிச் சந்தைக்கு மூட்டை கொண்டுவரும் விவசாயி, பொட்டாஷ் உரத்தின் விலையில் அந்தப் போரைச் சந்தித்தார். ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2024இல் உலக நாடுகளின் ராணுவச் செலவு 2.7 லட்சம் கோடி டாலர், ஓராண்டில் 9.4 சதவீத உயர்வு. பனிப்போர் முடிந்த பிறகு இத்தகைய ஏற்றம் இருந்ததில்லை. 8,610 கோடி டாலருடன் இந்தியா ஐந்தாம் இடத்தில் இருந்தது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் பாதுகாப்புக்கு 6.81 லட்சம் கோடி ரூபாய். பண்பாட்டு அமைச்சகத்துக்குச் சுமார் 3,360 கோடி. இரண்டையும் ஒப்பிடுவது முறையல்ல என்று என் மாணவர் யாராவது எழுந்து சொன்னால் ஒப்புக்கொள்வேன். எல்லையைக் காக்கும் பணியும் மேடையைக் காக்கும் பணியும் ஒரே தராசில் நிற்பவை அல்ல. ஆயினும் ஒன்றுக்கு இருநூறு என்பது ஓர் எண்தான்; அதைப் பார்த்துவிட்டாவது கடந்து செல்லலாம்.

உண்மையில், ஔவை சொன்னதை ஆயுதச் செலவை ஆதரிப்பவர்களும் தங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ள முடியும். தாமஸ் ஷெல்லிங் 1960இல் எழுதிய ‘தி ஸ்ட்ராட்டஜி ஆஃப் கான்ஃப்ளிக்ட்’ நூல், எதிரியை அச்சுறுத்தி அடக்கி வைக்கும் கலையை ஆராய்ந்தது; பின்னர் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அந்தக் கண்ணால் பார்த்தால் ஔவை சமாதானம் பேசவே இல்லை. பளபளக்கும் வேல் வெறும் பேச்சு, முனை முறிந்த வேல் விலை கொடுத்துப் பெற்ற சான்று என்று எச்சரித்துவிட்டு வந்திருக்கிறார். வகுப்பில் நானே பல ஆண்டுகள் இப்படித்தான் விளக்கினேன், மாணவர்களும் ரசித்தார்கள்.

இப்போது அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. கதை அங்கே முடியவில்லை என்பதே காரணம். தொண்டைமான் அடங்கினானோ இல்லையோ, பெருஞ்சேரல் இரும்பொறை அடங்கவில்லை. தகடூரை அழித்ததையே தன் பெயரின் முன் சேர்த்துக்கொண்டவன் அவன். அந்தப் போரைப் பாடிய தகடூர் யாத்திரை நூல் முழுமையாகக் கிடைக்காமல் சில பாடல்களே எஞ்சின. அதியமான் மாண்டான். புறநானூற்றின் 235ஆம் பாட்டில் ஔவை அழுகிறார். அவன் மார்பில் பாய்ந்த வேல் பாணர்களின் உண்கலத்தையும் துளைத்து, இரப்போர் கைகளையும் துளைத்து, புலவர்களின் நாவில் போய் விழுந்தது என்கிறார். கொல்லன் பட்டறையைச் சுட்டிக்காட்டிப் பெருமை பேசிய அதே வாய். ஒரு போரின் செலவு எங்கெல்லாம் சென்று சேரும் என்று அவர் போட்ட அந்தக் கணக்கு, லண்டன் மேடையின் மின்விளக்குப் பலகைக்கு ஈராயிரம் ஆண்டு மூத்தது. 95ஆம் பாட்டையும் 235ஆம் பாட்டையும் ஒரே இரவில் அடுத்தடுத்துக் காட்டும் இசை நாடகம் ஒன்று இருந்தால், அதற்கு எந்த ஊரிலும் முதல் வரிசையில் போய் உட்காருவேன்.

சென்ற கொடையின்போது எங்கள் பகுதிக் கோயிலுக்கு ஸ்பெஷல் நாடகக் குழுவொன்று வந்திருந்தது. ஒப்பனைக் கொட்டகையில் ஆர்மோனியக்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன். ஔவை தூது போன கதையை எங்கேயாவது போட்டிருக்கிறீர்களா என்று கேட்டேன். அவர் கட்டைகளைத் துடைத்தபடியே, “அதுக்கு எங்ககிட்ட பாட்டு கிடையாதே சார். கமிட்டிக்காரங்க கேட்டா ஒரு மாசத்துல கட்டிரலாம். யாரு கேக்கா?” என்றார். மணி பத்தாகியிருந்தது. வெளியே வள்ளி திருமணத்துக்கு ஆட்கள் பாயோடு வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள்.