செருப்பு தேயுது, இடுப்பு ஒடியுது!

விடியற்காலையில் காசிமேடு மீன் மார்க்கெட்டுக்குப் போனால் தரை முழுக்க ஐஸ் தண்ணீர், மீன் செதில். தலையில் கூடையோடு ஓடுகிறவர்கள் காலில் இருப்பது என்ன? அடி தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்ட ரப்பர் செருப்பு!

கோயம்பேட்டிலும் இதே கதைதான். முதுகில் மூட்டை, காலடியில் நசுங்கிய தக்காளி, முட்டைகோஸ் இலை. ஓட்டல் சமையல்கட்டில் எண்ணெய்ப் பிசுக்கும் கிரைண்டர் தண்ணீரும்.

ஆள் சர்ரென்று சறுக்கி விழுந்தால், "பாத்து நடக்கக் கூடாதாப்பா?" என்கிறார்கள். "கெட்ட நேரம்" என்கிறார்கள்.

கெட்ட நேரம் அல்ல; கெட்ட செருப்பு!

மொட்டை டயர் மாதிரி

நடக்கும்போது முதலில் தரையில் படுவது குதிகால். அந்த நொடியில் செருப்புக்கும் தரைக்கும் நடுவே மெல்லிய தண்ணீர்ப் படலம் மாட்டிக்கொண்டால் ரப்பர் தரையைத் தொடுவதே இல்லை. கால் தண்ணீர் மேல் மிதக்கிறது. அடுத்த நொடி ஆள் தரையில்!

செருப்பின் அடியில் வரி வரியாக வெட்டு வைத்திருப்பது அழகுக்கு அல்ல. தண்ணீர் ஓடி வெளியேற! வெட்டு தேய்ந்த செருப்பும், மொட்டை டயர் போட்ட லாரியும் ஒன்றுதான். மெத்தென்ற ரப்பர் தரையைக் கவ்வும். கெட்டிப் பிளாஸ்டிக் கவ்வாது. எண்ணெய்த் தரைக்கு எண்ணெயில் ஊறிக் கெடாத நைட்ரைல் ரப்பர் வேண்டும்.

இதைச் சோதிக்க ஐ.எஸ்.ஓ. 13287 என்று சர்வதேச முறையே இருக்கிறது. சோப்புக் கரைசல் ஊற்றிய பீங்கான் ஓட்டின் மேல் ஷூவை அழுத்தி இழுத்து, பிடிப்பை அளக்கிறார்கள்.

37 சதவீதம் குறைந்தது

பலன் உண்டா? உண்டு. பிரிட்டனில் அரசு மருத்துவத் துறை ஊழியர்கள் 4,500 பேருக்கு மேல் வைத்து ஒரு சோதனை நடந்தது. ஒரு பகுதியினருக்கு வழுக்காத ஷூவை இலவசமாகக் கொடுத்தார்கள். மற்றவர்கள் வழக்கமான ஷூவோடு நடந்தார்கள். 2021ல் முடிவு வெளியானது. வழுக்காத ஷூ போட்டவர்களிடம் சறுக்கல் 37 சதவீதம் குறைவு!

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, கீழே விழுந்து சாகிறவர்கள் ஆண்டுக்கு சுமார் 6 லட்சத்து 84 ஆயிரம் பேர். உயரத்திலிருந்து விழுகிறவர்களும் இதில் சேர்த்தி. இந்தச் சாவுகளில் 80 சதவீதத்துக்கு மேல் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில்தான்.

ஆம்பூர் ஷூ யாருக்கு?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஷூக்கள் கப்பலேறி வெளிநாடு போகின்றன. அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 1948 முதல் இருக்கிறது. தொழிலும் உண்டு, அறிவும் உண்டு. மூட்டை தூக்குகிறவர் காலுக்குத்தான் அது வந்து சேரவில்லை!

"இந்த வெயிலில் ஷூவா?" என்று கேட்பது நியாயம்தான். ஆனால் மூடிய ஷூ எல்லோருக்கும் தேவையில்லை. வெட்டு ஆழமான, குதிகாலைப் பிடிக்கும் வார் வைத்த ரப்பர் செருப்பே மார்க்கெட்டுக்குப் போதும். கொதிக்கும் எண்ணெய் பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு மட்டும் மூடியது கட்டாயம்.

"விலை ஜாஸ்தி" என்கிறார்கள். தினக்கூலிக்காரருக்கு இடுப்பு எலும்பு முறிந்தால் மாதக்கணக்கில் அடுப்பு எரியாது. அதற்கு முன்னால் ஒரு ஜோடி செருப்பு எம்மாத்திரம்? கூலிக்காரரே வாங்க வேண்டும் என்பதும் நியாயமில்லை. வேலை வாங்குகிறவர்தான் கொடுக்க வேண்டும். தேய்ந்ததும் மாற்றித் தர வேண்டும்.

செருப்பு மட்டும் போதுமா என்றால், போதாது. தரையும் சுத்தமாக வேண்டும். 1948ம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தில் 1976ல் திருத்தம் வந்தபோதே, வழுக்கும் பொருள் தரையில் கிடக்கக் கூடாது என்று எழுதிவிட்டார்கள். மார்க்கெட் தொழிற்சாலை இல்லையே என்று கையை விரிக்கலாம். எலும்புக்கு அந்த வித்தியாசம் தெரியுமா?

யூனிபாரம் கொடுக்கும் காண்டிராக்டர்கள், பட்டறை முதலாளிகள், ஓட்டல்காரர்கள் ஆளுக்கு ஒரு ஜோடி நல்ல செருப்பும் சேர்த்துக் கொடுக்கட்டும். ஆஸ்பத்திரிச் செலவை விட அது மலிவு.

செய்வார்களா?