மாத்திரைக்கு முன் பயிற்சி

முதியோர் இல்லத்தில் மறதிநோய் உள்ள ஒருவர் குளிக்க மறுத்துக் கை ஓங்கினால், பயிற்சி பெறாத செவிலியருக்கு அது வெறும் முரண்டாகத்தான் தெரியும். மூட்டுவலி, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, பின்னாலிருந்து யாரோ சட்டென்று தொட்டது என எதுவும் காரணமாக இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கத் தெரியாத இடத்தில் மனநோய் மாத்திரை நுழைகிறது. அதன் விலையை பிரிட்டன் அரசுக்காக 2009இல் சுபே பானர்ஜி தயாரித்த அறிக்கை கணக்கிட்டது: ஏறத்தாழ 1,80,000 மறதிநோயாளிகளுக்கு இம்மருந்துகள் தரப்பட்டன, பலன் அடைந்திருக்கக்கூடியவர்கள் 36,000 பேர், ஆண்டுக்குக் கூடுதல் மரணங்கள் 1,800.

மாத்திரைக்குப் பதில் பயிற்சி என்றால், பயிற்சி கொடுத்ததும் ஊழியர்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள், பணம் வீண் என்பார்கள் நிர்வாகிகள். ஆட்கள் மாறுவது உண்மைதான். ஆனால் பிரிட்டனில் 69 இல்லங்களில் நடந்து 2018இல் வெளியான ‘வெல்ட்’ ஆய்வில், பயிற்சி பெற்ற ஊழியர்கள் முதியவர்களோடு அவர்களுக்குப் பிடித்ததைப் பேசவும் செய்யவும் நேரம் ஒதுக்கினார்கள். வாழ்க்கைத்தரம் உயர்ந்தது, பதற்றம் தணிந்தது, வழக்கமான பராமரிப்பைவிடச் செலவும் குறைந்தது. (மருந்துப் பயன்பாடு மட்டும் குறையவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.) அது ஒருநாள் வகுப்பல்ல, மாதக்கணக்கில் பயிற்றுநர் உடனிருந்த ஏற்பாடு.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு மறதிநோய் இருப்பதாக 2023இல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. இங்கே செவிலியரிடம் கருணையை மட்டும் எதிர்பார்ப்பது அநியாயம். இரவுப் பணியில் தனியாக அடிவாங்கியவருக்கு மறுநாள் ஓய்வும், பேச ஒரு மேலாளரும், ஏற்ற சம்பளமும் வேண்டும். இல்லங்களுக்கு உரிமம் தரும்போதே அரசு இவற்றை நிபந்தனையாக்கலாம்.