கார் கடைக்கா, வீட்டுக்கா?



போன கிழமை மச்சான் கூப்பிட்டார். ஓமந்தையில் சின்ன ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறார். வருமான வரிப் படிவம் நிரப்ப வேண்டுமாம். பெட்ரோல் பில் எல்லாம் ஒரு ஷொப்பிங் பையில்.

"மச்சான், கார்ச் செலவை முழுக்கக் கடைக் கணக்கில போடலாம்தானே?"

"தங்கச்சியை வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனதும் இதே பெட்ரோல்லதானே?" என்றேன். சிரித்தார்.

தரம் 10 பிள்ளைகளுக்கு வருடாவருடம் நான் படிப்பிக்கிற பாடம் இது: கடை வேறு, கடைக்காரர் வேறு. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. வருமானம் உழைக்கச் செய்த செலவைக் கழிக்கலாம், வீட்டுச் செலவைக் கழிக்க முடியாது. வீட்டிலிருந்து கடைக்குப் போய்வருவதும் சொந்தச் செலவுதான். சாமான் எடுக்க வவுனியா போனால், வாடிக்கையாளர் வீட்டில் சாமான் இறக்கப் போனால், அது கடைச் செலவு.

பிரிப்பது கஷ்டமில்லை. காரில் ஒரு கொப்பி வையுங்கள். திகதி, போன இடம், காரணம், மீற்றர் எண் எழுதுங்கள். மாதம் 1,000 கிலோமீற்றர் ஓடி, அதில் 600 கடைக்கு என்றால் 60 வீதம். பெட்ரோல் 30,000 ரூபா என்றால் 18,000 ரூபா கடைச் செலவு. சேர்விஸ், காப்புறுதிக்கும் அதே கணக்கு. பில்லையும் கொப்பியையும் ஐந்து வருடம் பத்திரப்படுத்துங்கள்.

2025 ஏப்ரல் 1 முதல் வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா வரை தனிநபர் வருமானத்துக்கு வரியில்லை. அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே நிற்கிறவர் நியாயமான செலவைக் காட்டினால் வரியே வராமல் போகலாம். எழுதி வைக்காதவர் தன் உரிமையை இழக்கிறார். எல்லாவற்றையும் அள்ளிப் போடுகிறவர் ஒருநாள் மாட்டுவார். பள்ளிக்கூடம் போகிற பெட்ரோலுக்கு ஒரு சதமும் கழிக்க முடியாத வாத்தி சொல்கிறேன், கிடைக்கிற சலுகையை ஒழுங்காக எடுங்கள்.

எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. லொறிக்கும் பஸ்ஸுக்கும் தேய்மானக் கழிவு தருகிற சட்டம், சாதாரண காருக்குத் தருவதில்லை. கொழும்பில் கார் சொகுசாக இருக்கலாம். இங்கே பின் சீற்றை மடித்துப் பெயின்ற் வாளி அடுக்கி, மேலே குழாய் கட்டிக்கொண்டு ஏ9இல் போகிற பழைய கார்தான் சின்னக் கடைக்காரரின் லொறி. கடைக்கு ஓடுகிற வீதத்துக்காவது அந்தக் கழிவைத் தர வேண்டும். வர்த்தக சங்கங்கள் இதைக் கேட்க வேண்டும். அதுவரை பொய்ப் பில் அதற்கு மருந்தல்ல.

மச்சான் கொப்பி வாங்கிவிட்டார. முதல் வரி: "ஓமந்தை–வவுனியா. தங்கச்சிக்கு மருந்து. சொந்தம்."

நவம்பர் 30க்கு முன் படிவம் கொடுக்க வேண்டும். கணக்கு விளங்காதவர்கள் பின்னேரம் வீட்டுக்கு வாங்க, பில்லோடு.