எதிரணியை எண்ணத் தெரியாத ரசிகர்கள்

தேசிய சீனியர் ஹாக்கி சாம்பியன்ஷிப் நெருங்கினால் போதும், தமிழ்நாட்டு ஹாக்கி ரசிகர் (இருக்கிறார்கள் சாமி, கொஞ்சம் பேர்தான், ஆனால் இருக்கிறார்கள்!) பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்துவிடுவார். பஞ்சாபுக்கு யார் டிராக் ஃப்ளிக் அடிப்பது, ஹரியானா கோல்கீப்பர் ஃபார்மில் இருக்கிறாரா, ரயில்வேக்கும் நேவிக்கும் ஆடுகிறவர்களில் யார் மாநில அணிக்குத் திரும்புகிறார்கள்... ஒரு மணி நேரம் அலசுவார். அலசல் எல்லாம் கடைசியில் ஒரே வாக்கியத்தில் வந்து நிற்கும். "வடக்கத்திக்காரன் உடம்பு வேற சார், நம்ம பசங்களால முடியாது."

சுத்த அபத்தம்.

கணக்கைப் பாருங்கள். 2022 போபாலில் தமிழ்நாடு இறுதிப் போட்டி வரை வந்து ஹரியானாவிடம் ஷூட்டவுட்டில்தான் தோற்றது. 2023 சென்னையில் மூன்றாவது இடம். அடுத்த வருடமும் அதே சென்னை, அதே மைதானம், பதக்கம் இல்லை. ஒடிசா கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது. 2025 ஜான்சியிலும் பதக்கம் இல்லை. இரண்டே வருடத்தில் தமிழர்களின் உடம்பு சுருங்கிவிட்டதா என்ன?

உடம்புக் கதையை நம்புகிறவர் மணிப்பூரை என்ன செய்வார்? அந்த ஆட்கள் ஆறடி ராட்சசர்கள் இல்லை. 2024 சென்னையில் அரையிறுதி வரை வந்தார்கள். சொந்த ஊரில் ஆடிய தமிழ்நாட்டால் பதக்கம் தொட முடியவில்லை.

அதுவும் 2025 முதல் ஏ, பி, சி என்று டிவிஷன் பிரித்துவிட்டார்கள். கடைசியில் வருகிறவர் கீழே இறங்க வேண்டும், கீழே ஜெயித்தவர் மேலே வருவார். முன்பெல்லாம் ஒரு வருடம் சொதப்பினால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தது. இனி அப்படி இல்லை. அதனால் எதிரணியை ஒழுங்காக எடை போடத் தெரிய வேண்டும். ரசிகர் எண்ணுவது பதினெட்டு பேரை. எண்ண வேண்டியது ஊர்களை.

ஒடிசாவை எடுத்துக்கொள்வோம். "அங்க கவர்மென்ட் காசு கொட்டுது" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். 2018 முதல் இந்திய அணிக்கே அந்த மாநிலம் ஸ்பான்சர் என்பதும், 2023 உலகக் கோப்பைக்காக ரூர்கேலாவில் 20,000 பேர் உட்காரும் ஸ்டேடியம் கட்டியதும் உண்மைதான். ஆனால் காசுக்கு முன்னால் சுந்தர்கட் இருந்தது. பழங்குடி மக்கள் நிறைந்த அந்த மாவட்டத்தில் மூங்கிலை வளைத்து மட்டையாக்கி ஆடிய ஊர்கள் இருக்கின்றன. திலீப் திர்கியும் அமித் ரோஹிதாஸும் சௌனாமாரா என்ற ஒரே கிராமத்துக்காரர்கள். காசு வந்தபோது அது எங்கே போய்ச் சேர வேண்டும் என்று தெரிந்திருந்தது. வட்டாரத்துக்கு ஒன்று என்று சுந்தர்கட்டின் 17 வட்டாரங்களுக்கும் செயற்கைத் தரை போடத் திட்டம் போட்டார்கள்.

விழுப்புரம் மாவட்டத்தில் 13 ஒன்றியங்கள். அதில் ஒன்று காணை. அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் மனதில் வைத்திருங்கள்.

பஞ்சாப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? ஜலந்தர் பக்கத்து மிட்டாப்பூர் என்ற ஒரு ஊரிலிருந்து பர்கத் சிங், மன்பிரீத் சிங் என்று இரண்டு இந்தியக் கேப்டன்கள். மந்தீப் சிங்கும் அங்கேதான். பாரிஸில் வெண்கலம் வாங்கிய இந்திய அணியில் ஏறக்குறையப் பாதிப் பேர் பஞ்சாப்காரர்கள். ஹரியானாவுக்குச் சோனிபட். மத்தியப் பிரதேசத்துக்கு போபால் அகாடமி. 2025 இறுதிக்கு வந்ததைத் தற்செயல் என்று நினைப்பவர் நினைத்துக்கொள்ளட்டும்.

பக்கத்து வீட்டுக் கர்நாடகா இன்னும் சுவாரசியம். குடகில் 1997இல் தொடங்கிய, கோடையில் குடும்பங்களுக்குள் நடக்கும் ஹாக்கித் திருவிழா. 60 குடும்பங்களோடு ஆரம்பித்தது 2024இல் 360 அணிகளாகிவிட்டது. மாமனார், மருமகள், பேரன் எல்லோரும் ஒரே அணியில்! அதை அரசாங்கம் நடத்தவில்லை. இங்கே காணும் பொங்கலுக்கு உறியடி நடத்துகிற மாதிரி அங்கே ஹாக்கி.

சரி, தமிழ்நாட்டின் சுந்தர்கட் எது? கோவில்பட்டி. ஒன்றே ஒன்று. மண் தரையில் ஆடி வளர்ந்த ஊர், லட்சுமி அம்மாள் கோப்பைக்கு ஊரே கூடும் ஊர். அதை யாரும் குறை சொல்ல முடியாது. 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடிய மாரீஸ்வரன் அங்கிருந்து வந்தவர். அதே தொடரில் பாகிஸ்தானுக்கு எதிராக முதல் ஆட்டத்திலேயே கோல் அடித்த கார்த்தி செல்வம் அரியலூர்க்காரர். ஆனால் அவரும் கோவில்பட்டி விடுதிக்குப் போய்த்தான் ஹாக்கி வீரர் ஆக முடிந்தது. இதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். கொஞ்சம் யோசித்தால் பயமாக இருக்க வேண்டும். அரியலூரிலேயே இருந்திருந்தால்? மாநிலம் முழுக்க ஒரே கிணற்றில் தண்ணீர் இறைக்கிறது. டோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக் பதக்க அணிகளிலும் தமிழ்நாட்டு வீரர் ஒருவர்கூட இல்லை. 1980 மாஸ்கோவில் தங்கம் வாங்கிய அணியின் கேப்டன் வி. பாஸ்கரன், சென்னைக்காரர். அந்த மாநிலம்தான் இது.

இப்போது காணைக்கு வருவோம். விழுப்புரத்துக்கு மேற்கே, கரும்பும் நெல்லுமான ஊர். கபடி தெரியும், வாலிபால் தெரியும், கிரிக்கெட் கேட்கவே வேண்டாம். ஓடத் தெரியாத பையன் அங்கே இல்லை. ஹாக்கி மட்டையைக் கையில் பிடித்துப் பார்த்த பையன் எத்தனை பேர் என்று எந்த ரசிகராவது விசாரித்திருப்பாரா? அங்கிருந்து சென்னை 160 கிலோமீட்டருக்கு மேல், கோவில்பட்டி 400க்கு மேல். பதினோரு வயதுப் பையனை எந்த அம்மா அனுப்புவாள்?

"டர்ஃப் போட கோடிக்கணக்கில் ஆகுமே" என்பார்கள். ஆகும். ஆனால் கோவில்பட்டி டர்ஃப் வந்த பிறகா ஹாக்கி ஆடியது? பள்ளிக்கூட மைதானம், இருபது மட்டை, சம்பளம் ஒழுங்காக வரும் ஒரு பயிற்சியாளர், பக்கத்து ஒன்றியத்தோடு மோத ஒரு கோப்பை. 13 ஒன்றியத்துக்கும் இது ஒரு சர்வதேசப் போட்டியின் அலங்கார விளக்குச் செலவுக்குள் அடங்கிவிடும். சென்னையில் 2023இல் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி நடந்தது, 2025இல் சென்னையிலும் மதுரையிலும் ஜூனியர் உலகக் கோப்பை நடந்தது. நல்ல விஷயம், கைதட்டலாம். மதுரைக்கு ஒரு நல்ல மைதானமும் மிஞ்சியது. ஜெர்மனிப் பையன்கள் கோப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். காணைப் பையன் டிவியில் பார்த்தான், அதுவும் பக்கத்துச் சேனலில் கிரிக்கெட் இல்லாதபோது.

ரசிகர் கணிப்புக் கேட்பார். இந்தாருங்கள்: பஞ்சாப், ஒடிசா, ஹரியானா, உத்தரப் பிரதேசம் என்ற நான்கில் மூன்று அரையிறுதியில் இருக்கும், நான்காவது இடத்துக்கு மத்தியப் பிரதேசமும் மணிப்பூரும் அடித்துக்கொள்ளும். தமிழ்நாடு? கோவில்பட்டியில் இந்த வருடம் யாருக்கும் முழங்கால் பிசகாமல் இருந்தால் காலிறுதி.