சராசரி சொல்லாத சங்கதி

பி.காம். படித்தவனுக்கு 'சராசரி' என்றாலே கொஞ்சம் அலர்ஜி. எம்.டி. சம்பளத்தையும் ப்யூன் சம்பளத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் ப்யூன் கார் வாங்கியிருக்கணும். வாங்கினாரா? இன்னும் பஸ் பாஸ்தான் சார்!

சராசரி சில சமயம் ஒரு இனத்தின் பேரையே கெடுத்துவிடும். கனடாவின் மேற்குக் கரையில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம். அங்கே பூர்வகுடி இளைஞர்களிடம் தற்கொலை, மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்றது சராசரி. 'பாவம், அவங்களே அப்படித்தான்' என்று உச்சுக் கொட்டிவிட்டுப் போக அது போதுமே!

மைக்கேல் சாண்ட்லர், கிறிஸ்டோபர் லலோண்ட் என்ற இரண்டு மனோதத்துவ ஆராய்ச்சியாளர்கள் அப்படிப் போகவில்லை. கிட்டத்தட்ட 200 பூர்வகுடி சமூகங்களின் 1987 - 1992 கணக்கைத் தனித்தனியாகப் பிரித்தார்கள். 1998-ல் வெளியான முடிவு தூக்கிவாரிப் போட்டது. பாதிக்கும் மேற்பட்ட சமூகங்களில் ஓர் இளைஞன்கூடத் தற்கொலை செய்துகொள்ளவில்லை! சாவெல்லாம் குறிப்பிட்ட சில இடங்களில்தான்.

என்ன வித்தியாசம்? ஆறு விஷயங்களைப் பார்த்தார்கள். சுயாட்சி, பாட்டன் பூட்டன் நிலத்துக்கு உரிமை கோரும் போராட்டம், தங்கள் பொறுப்பில் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி வசதி, போலீஸ் - தீயணைப்பு, கலாசாரக் கூடம். ஆறும் இருந்த சமூகங்களில் இளைஞர் தற்கொலை பூஜ்யம். ஒன்றுமே இல்லாத இடங்களில்தான் உச்சம்.

2007-ல் இன்னொரு ஆய்வு. பாதிப் பேராவது சொந்த மொழியில் பேசத் தெரிந்த சமூகங்களில் இளைஞர் தற்கொலை அநேகமாக இல்லவே இல்லை. பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, விடுதிப் பள்ளிகளில் அடைத்து, தாய்மொழி பேசினால் தண்டித்த நாடு அது என்பதை இங்கே ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இதுதான் ஒரே காரணம் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால், ஊர் விவகாரத்தில் தன் ஆட்கள் கை ஓங்குவதைப் பார்க்கிற இருபது வயதுப் பையனுக்கு, நாளைக்கு எழுந்திருக்க ஒரு காரணம் கிடைக்கிறது. 2013-ல் மாகாணத்துப் பூர்வகுடிகளின் சுகாதார நிர்வாகத்தை, மத்திய அரசிடமிருந்து பூர்வகுடிகளின் அமைப்பே வாங்கிக்கொண்டது. பட்ஜெட்டும் அவர்கள் கையில்.

தலைநகரிலிருந்து பயணப்படி கொடுத்து நிபுணரை அனுப்பலாம், தப்பில்லை. அதற்கு முன்னால், சாவே நடக்காத பக்கத்து ஊர்க்காரரிடம் 'நீங்க என்னய்யா பண்றீங்க?' என்று ஒரு வார்த்தை கேட்கலாம்.

அதற்கு வவுச்சர்கூடத் தேவையில்லை!