எண்ணெய் வயல்களும் சேம நிதியும்

உலகத்தில் உள்ள எண்ணெய் எப்பொழுது தீர்ந்துபோகும் என்னும் வினா அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கேட்கப்பட்டு வருகிறது. இன்னும் சில பத்தாண்டுகளே என்று ஒரு சாராரும், அப்படியொரு நாள் வரவே வராது என்று மற்றொரு சாராரும் வாதிடுகின்றனர். நம் கருத்தில் இவ்வினாவே பிழைபட்டது. ஒரு சங்கத்தின் கணக்கைப் பார்வையிடச் செல்வோர், "இச்சங்கம் எந்த நாளில் மூடப்படும்?" என்று கேட்பதில்லை. அவர்கள் கேட்பன மூன்று: ஏட்டில் எழுதிய சரக்கிருப்பு கிடங்கில் உண்டா? வரவு முன்போல் வருகிறதா? தேய்மானத்துக்கும் சேம நிதிக்கும் உரிய பங்கு ஒதுக்கப்பட்டதா? இந்த மூன்று வினாக்களையும் உலகின் பெரிய எண்ணெய் வயல்களிடம் கேட்டுப் பார்த்தால் உண்மை நிலை ஓரளவு விளங்கும்.

எங்கோ கடலிலும் பாலைவனத்திலும் உள்ள கிணறுகளைப் பற்றிய பேச்சு நமக்கு எதற்கு என்று அங்கத்தினர் எண்ணலாகாது. நம் தேசம் தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்குக்கு மேல் வெளிநாடுகளிலிருந்தே வாங்குகிறது. வயலில் ஓடும் டிராக்டரும், விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுசெல்லும் லாரியும் டீசலால் ஓடுவன. தறியிலே ஏறும் நூலுக்கு நாம் இடும் சாயங்களில் பெரும்பாலானவை பெட்ரோலியத்தின் வழிப் பிறந்தவை. கைத்தறித் துணியோடு போட்டியிடும் பாலியெஸ்டர் நூலும் அவ்வாறே. ஆகவே, அந்தக் கிணறுகளின் கணக்கு நம் கணக்கோடு ஒட்டியதே.

முதலில் வரவைப் பார்ப்போம். இறைத்த கிணறு ஊறும் என்பது நம்மவர் மொழி. எண்ணெய்க் கிணற்றுக்கு அம்மொழி பொருந்தாது. எண்ணெய், பாறையின் நுண்துளைகளிலே பல கோடி ஆண்டுகளாக அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடப்பது. துளையிட்டதும் அந்த அழுத்தமே அதனை மேலே தள்ளுகிறது. எடுக்க எடுக்க அழுத்தம் தளரும். தளர்ந்த அழுத்தத்தை ஈடுகட்ட நீரையோ வாயுவையோ உள்ளே செலுத்துவர். காலப்போக்கில் அந்த நீரே கிணற்று வழியாக எண்ணெயோடு கலந்து வெளிவரத் தொடங்கும். நூறு குடம் எடுத்தால் ஐந்து குடம் நீர் என்றிருந்தது, ஐம்பது குடமாகும். பின்னர் எண்பது குடமுமாகும். வயல் மூப்படைவதன் அடையாளம் இதுவே. கிணறு திடீரென்று வற்றுவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் முன்னைவிடக் குறைவாகத் தருகிறது, எடுக்கும் செலவோ ஏறிக்கொண்டே போகிறது.

மெக்சிகோ நாட்டுக் கடலில் உள்ள கான்டரெல் வயல் இதற்குச் சிறந்த சான்று. கடலின்மீது எண்ணெய்ப் படலம் மிதப்பதைக் கண்டு சொன்ன ஒரு மீனவரின் பெயரையே அது தாங்கி நிற்கிறது. அழுத்தம் தளர்ந்தபோது, 2000-ஆம் ஆண்டு முதல் அதனுள் நைட்ரஜன் வாயுவைச் செலுத்தலாயினர். விளைச்சல் பெருகி, 2004-இல் நாளொன்றுக்குச் சுமார் 21 லட்சம் பீப்பாய் என்னும் உச்சத்தை எட்டிற்று. உலகில் அன்று அதனினும் மிகுதியாகத் தந்த வயல் ஒன்றே ஒன்றுதான். ஆனால் ஆறே ஆண்டுகளில், 2010-இல், அது ஆறு லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. வேகமாக எடுக்க உதவிய உபாயம், சரிவையும் வேகமாக்கியது என்றே கூற வேண்டும்.

வடகடலிலுள்ள பிரென்ட் வயலின் கதையும் கருதத்தக்கது. 1971-இல் கண்டுபிடிக்கப்பட்டு, 1976-இல் எண்ணெய் தரத் தொடங்கிய அவ்வயலில் உற்பத்தி 2021-இல் முற்றும் நின்றுபோயிற்று. நாள்தோறும் செய்தித்தாள்களில் பிரென்ட் விலை என்று அச்சாகிறதே, அப்பெயருக்கு உரிய வயலிலிருந்து இன்று ஒரு பீப்பாயும் வருவதில்லை. பிற வயல்களின் எண்ணெயைக் கொண்டே அவ்விலை கணிக்கப்படுகிறது. பிரிட்டனின் மொத்த எண்ணெய் உற்பத்தி 1999-இல் உச்சம் கண்டு, இன்று அதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகச் சுருங்கியுள்ளது. நம் தேசத்து மும்பை ஹை வயலும் விலக்கன்று. 1974-இல் கண்டுபிடிக்கப்பட்ட அது, 1980-களில் நாளொன்றுக்கு நான்கு லட்சம் பீப்பாய்க்கு மேல் தந்தது. இப்போது தருவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே. இச்சரிவைத் தடுக்கும் பொருட்டு 2025-இன் தொடக்கத்தில் ஓ.என்.ஜி.சி. ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியை நாடியிருக்கிறது.

இவை தனித்தனி நிகழ்ச்சிகள் அல்ல. சர்வதேச எரிசக்தி முகமை ஏறத்தாழ 15,000 வயல்களை ஆராய்ந்து 2025-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. உச்சத்தைக் கடந்த வழக்கமான எண்ணெய் வயல்களின் விளைச்சல் ஆண்டுக்குச் சராசரி நூற்றுக்கு 5.6 பங்கு வீதம் குறைகிறது என்பது அதன் முடிவு. 2019 முதல் எண்ணெய், எரிவாயு எடுப்பில் இடப்பட்ட மூலதனத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு, இச்சரிவை ஈடுசெய்யவே செலவாயிற்று என்றும் அது கூறுகிறது. பழைய தறிகளைப் பழுதுபார்ப்பதிலேயே பத்தில் ஒன்பது ரூபாயைச் செலவிடும் சங்கத்தை எண்ணிப் பார்த்தால் இதன் பொருள் புரியும்.

இரண்டாவது வினா இருப்பைப் பற்றியது. ஈண்டுதான் நமக்குப் பெரும் ஐயம் எழுகிறது. எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பில், 1980-களில், உறுப்பு நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தத்தம் இருப்பைத் திடீரென உயர்த்தி அறிவித்தன. சவுதி அரேபியாவின் இருப்பு 1987-இல் சுமார் 17,000 கோடிப் பீப்பாய் என்றிருந்தது. மறு ஆண்டில் 25,000 கோடியைக் கடந்தது. அவ்வளவு பெரிய புது வயல் எதுவும் அந்த ஆண்டில் கண்டுபிடிக்கப்படவில்லை. யார் எவ்வளவு விற்கலாம் என்னும் பங்கீட்டுப் போட்டி நடந்த காலம் அது. அதன்பின் ஆண்டுதோறும் பல நூறு கோடிப் பீப்பாய் எடுத்தும் அவ்விருப்பு குறையாமலே பல்லாண்டுகள் ஏட்டில் நின்றது. விற்ற பின்னும் குறையாத சரக்கை எந்தத் தணிக்கையாளர் ஒப்புவார்?

நியாயத்துக்காக மற்றொன்றையும் கூற வேண்டும். 2019-இல் சவுதி அராம்கோ நிறுவனம் கடன் பத்திரம் வெளியிட்டபோது தன் கணக்கை வெளியாருக்குக் காட்ட நேர்ந்தது. வெளியிலிருந்து வந்த மதிப்பீட்டாளர்கள் பார்த்து, இருப்பு பெரிதே என்று சான்றளித்தனர். ஆயினும் அதே பத்திரத்தில் வேறோர் உண்மையும் வெளிப்பட்டது. உலகின் மிகப் பெரிய வயலாகிய கவார், நாளொன்றுக்கு 50 லட்சம் பீப்பாய் தரவல்லது என்று பலரும் நம்பியிருக்க, அதன் உச்ச வல்லமை 38 லட்சமே என்று அதில் எழுதப்பட்டிருந்தது. அச்சம் கொண்டவர், நம்பிக்கை கொண்டவர் ஆகிய இரு சாராருடைய ஊகங்களையும் ஒரே ஏடு திருத்திற்று. தணிக்கையின் பயன் இதுவன்றோ!

தனியார் நிறுவனங்களும் இக்குறைக்கு விலக்கல்ல. 2004-இல் ஷெல் நிறுவனம் தான் காட்டியிருந்த இருப்பில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்து அறிவிக்க நேர்ந்தது. அதன் தலைவர் பதவி விலகினார். அமெரிக்க, பிரிட்டிஷ் அதிகாரிகள் அபராதம் விதித்தனர். பங்குதாரருக்குக் கணக்குக் காட்டும் கடமை இருந்தமையால் அந்தப் பிழை வெளிவந்தது. அக்கடமை இல்லாத இடங்களில் வெளிவராதவை எத்தனையோ!

இவ்வளவு கூறியதால் நாம் அச்சமூட்டுவோர் பக்கம் சேர்ந்துவிட்டதாக எவரும் கருத வேண்டாம். அவர்கள் பலமுறை தவறியிருக்கின்றனர். ஹப்பர்ட் என்னும் நிலவியலார், அமெரிக்காவின் உற்பத்தி 1970-ஐ ஒட்டி உச்சம் காணும் என்று 1956-இல் சொன்னது அப்படியே பலித்தது. ஆனால் இறுகிய பாறையை நீரின் அழுத்தத்தால் பிளந்து எண்ணெய் எடுக்கும் முறை பரவவே, 2018-இல் அந்நாடு தன் பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது. சவுதி வயல்கள் தளர்ந்துவிட்டன என்று 2005-இல் நூல் எழுதிய மாத்யூ சிம்மன்ஸ், 2010-இல் எண்ணெய் விலை சராசரியாகப் பீப்பாய்க்கு 200 டாலரை எட்டும் என்று பந்தயம் கட்டினார். அவ்வாண்டின் சராசரி 80 டாலர் அளவிலேயே நின்றது. விலையும் நல்ல வழிகாட்டியன்று; 2008-இல் 147 டாலர் வரை ஏறிற்று; 2020 ஏப்ரலிலோ அமெரிக்கச் சந்தையில் ஒருநாள் பூஜ்யத்துக்கும் கீழே போயிற்று. எனினும் ஒன்று உண்டு: பாறை பிளந்த கிணற்றின் விளைச்சல் பெரும்பாலும் முதல் ஆண்டிலேயே பாதிக்கு மேல் குறைந்துவிடும். ஓயாமல் புதுக் கிணறு தோண்டிக்கொண்டே இருந்தால்தான் அந்த வரவு நிற்கும்.

மூன்றாவது வினாவே தலையாயது. ஒரு பீப்பாய் எண்ணெயை விற்றுப் பெறும் பணம் வருமானமா, முதலா? நெல்லை விற்றால் நிலம் இருக்கிறது. துணியை விற்றால் தறி இருக்கிறது. எண்ணெயை விற்றால் எண்ணெய் இல்லை. ஆகவே அப்பணம் முழுவதையும் வருமானமென்று எழுதுவது முதலைத் தின்பதாகும்.

மெக்சிகோ அரசு தன் வருவாயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை எண்ணெயிலிருந்து பெற்றுவந்தது. கான்டரெல் கொழித்த காலத்தில் கிடைத்ததில் பெரும்பகுதி அன்றாடச் செலவுக்கே போயிற்று. இன்று அந்நாட்டு எண்ணெய் நிறுவனம் உலகிலேயே மிகுந்த கடன்பட்ட எண்ணெய் நிறுவனங்களுள் ஒன்று. பிரிட்டனும் வடகடல் வருவாயைப் பொது வரவிலேயே சேர்த்துச் செலவிட்டது. அதே கடலின் மறுகரையிலுள்ள நார்வே வேறு வழி சென்றது. 1990-இல் சட்டம் இயற்றி, 1996-இல் முதல் தொகையை இட்டு, எண்ணெய்ப் பணத்தைத் தனி நிதியாகச் சேர்த்து வெளிநாடுகளில் முதலீடு செய்தது. அந்நிதியின் எதிர்பார்க்கத்தக்க ஆதாயமாகிய நூற்றுக்கு மூன்று பங்களவே ஆண்டுதோறும் செலவிடலாம் என்பது இன்றைய விதி. 2001-ஐ ஒட்டி அதன் எண்ணெய் உற்பத்தியும் உச்சம் கண்டு இறங்கியது. நிதியோ வளர்ந்து 2017-இல் ஒரு லட்சம் கோடி டாலரைத் தாண்டிற்று. அறுபது லட்சம் பேர்கூட இல்லாத அந்த தேசத்தில், கிணறு குறையக் குறைய முதல் பெருகியிருக்கிறது.

"நார்வே செல்வ நாடு, ஏழை தேசத்துக்கு அது இயலுமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பசித்த வீட்டில் பணத்தைப் பூட்டி வைக்க முடியாது. ஆயினும் தீரும் முதலைத் தீராத முதலாக மாற்றலாம். ஏரியாக, கால்வாயாக, பள்ளிக்கூடமாக, சூரிய ஒளியில் ஓடும் பம்பாக மாற்றலாம். செய்யத் தகாதது ஒன்றே: அதனை வருமானமென்று எழுதிச் செலவிட்டுவிடுதல். மும்பை ஹை வருவாய்க்கென்று அத்தகைய தனி நிதி நம் தேசத்தில் அமைக்கப்படவில்லை என்பது வருந்தத்தக்கது. மிஞ்சியுள்ள எண்ணெய்க்கேனும் அது வேண்டும் என்பது நம் கோரிக்கை.

கூட்டுறவாளர்களுக்கு இது புதுப் பாடமன்று. நிகர லாபத்தில் ஒரு பகுதியைச் சேம நிதிக்கு ஒதுக்கிய பின்னரே ஈவு பங்கிட வேண்டும் என்பது நம் இயக்கத்தின் பழைய விதி. ஆயினும் பொதுப் பேரவைக் கூட்டங்களில், தேய்மானத்தைக் குறைத்துக் காட்டி ஈவை உயர்த்துமாறு கேட்கும் குரலை நாம் அடிக்கடி கேட்கிறோம். அவ்வாறு செய்த சங்கங்களில் தறி உடைந்த நாளில் மாற்றுத் தறி வாங்கப் பணம் இராது. கான்டரெலுக்கும் அச்சங்கத்துக்கும் அளவில்தான் வேற்றுமை. எண்ணெய் மலிவாகக் கிடைக்கும் ஆண்டில் மிஞ்சுவதை ஒதுக்கி, டீசல் எஞ்சினுக்கு மாற்றுத் தேடிக்கொள்ளும் உழவர் சங்கம், விலை ஏறும் ஆண்டில் கை பிசைந்து நிற்காது. இவ்வாண்டுப் பேரவையில் ஐந்தொகை வாசிக்கப்படும்போது, ஈவு எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னர், தேய்மானத்துக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்று அங்கத்தினர் ஒவ்வொருவரும் கேட்பாராக.