பொலிஷ் என்னும் ஒரே சொல்

மன்னாரிலிருந்து பூநகரி நோக்கிச் செல்லும் ஏ32 வீதியில், மன்னார் மாவட்டம் முடிவதற்குச் சற்று முன்னர் இருக்கின்றது வெள்ளாங்குளம். 2008 ஓகஸ்டில் போர்ச் செய்திகளின் தலைப்புகளில் இடம்பெற்ற ஊர். அதன் பெயரை ஒரு வானின் பொனட்டுக்காக எழுத நேருமென்று அன்று நான் எண்ணியதில்லை.

வான் என் மச்சான் முறையான ஒருவருக்குச் சொந்தமானது. கடும் நீல நிறம். யப்பானில் ஓடிக் களைத்து இங்கு வந்தது. மன்னார் ஆஸ்பத்திரிக்கு நோயாளரையும், ஓகஸ்டில் மடுத் திருவிழாவுக்கு யாத்திரிகரையும் ஏற்றி இறக்கி அதிலேதான் அவருடைய குடும்பம் சீவிக்கிறது. சென்ற ஆண்டு அதனை விற்றுவிட்டு வேறொன்று வாங்க எண்ணினார். விற்பதற்கு முன் பளபளப்பாக்கலாமென்று ஒரு கராஜில் விட்டார். அங்கிருந்த பையன், இரும்பு வெட்டும் கிரைண்டரில் பஞ்சுத் தட்டொன்றைப் பொருத்தி, பசையைப் பூசி, பொனட்டில் வைத்து அழுத்தியிருக்கிறான். பத்து நிமிடத்தில் விளிம்பு நெடுகிலும் நிறம் போய், சாம்பல் நிற அடிப்பூச்சு வெளித்தெரிந்தது. வாங்க வந்தவர் அதனைக் கண்டு, விபத்தில் அடிபட்ட வாகனம் என்றே தீர்மானித்துத் திரும்பிவிட்டார்.

“பொலிஷ் பண்ணத்தானே அண்ணை குடுத்தனீங்கள்? கட் பண்ணாமல் எப்பிடிப் பளபளப்பு வரும்?” என்று பையன் கேட்டானாம். அவன்மீது எனக்குக் கோபமில்லை. நாம் எல்லோரும் அந்த ஒரே சொல்லைத்தான் இரண்டு எதிர்மாறான வேலைகளுக்குப் பயன்படுத்தி வருகின்றோம்.

வாகனத்தின் மேற்பூச்சைச் சுரண்டிக் கீறலை மறைப்பது ஒன்று. அதன்மேல் மெழுகைப் படியவிட்டுக் காப்பது மற்றொன்று. முன்னையது எடுக்கிறது, பின்னையது கொடுக்கிறது. இன்றைய வாகனங்களில் நிறத்தின் மேல் நிறமற்ற ஒரு காப்புப் பூச்சு இருக்கும். அதன் தடிப்பு பொதுவாக ஒரு மில்லிமீற்றரின் இருபதில் ஒரு பங்கு அளவே. ஒவ்வொரு ‘கட் அன்ட் பொலிஷும்’ அதிலிருந்து கொஞ்சத்தைத் தின்றுவிடும். தின்றது திரும்பி வராது. யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ40 கார்களும் மொறிஸ் மைனர்களும் ஓடிய காலத்தில் காப்புப் பூச்சு என்ற ஒன்றில்லை. துடைத்த துணியில் காரின் நிறமே ஒட்டிக்கொள்ளும். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயைக் குடித்து ஓடிய அதே கார்களை, மண்ணெண்ணெயில் நனைத்த துணியாலேயே மினுக்கியவர்களை நான் கண்டிருக்கிறேன். அந்தப் பழக்கத்தின் பேரப்பிள்ளைதான் இந்தக் கிரைண்டர் வைத்தியம்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பழைய வாகனங்கள் புதியனவாக வாங்கிய விலையையும் தாண்டி விற்றன. அத்தகைய நாட்டில் வாகனத்தின் தோல் என்பது சொத்து. வெள்ளாங்குளம், தேவன்பிட்டிப் பக்கத்தில் அந்தச் சொத்துக்குப் பகை அதிகம். வைகாசி தொடங்கிச் சோளகம் வீசும்போது கடலின் உப்பும் மணலும் சேர்ந்தே வருகின்றன. உவர்த் தண்ணீரால் கழுவி வெயிலில் காயவிட்டால் வெள்ளைப் புள்ளிகள் பதிந்துவிடும். இங்கே வேண்டியது சுரண்டல் அன்று, மெழுகு என்பதே என் வாதம்.

மெழுகை இயந்திரத்தால் பூசுவதில் தவறில்லை. சொல்லப்போனால் அதுவே நன்று. எந்த இயந்திரம் என்பதுதான் கேள்வி. கிரைண்டர் நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்றுவரை சுழலும். அது பூச்சைப் பொசுக்கும். பொலிஷுக்கென்றே செய்யப்பட்ட சுழல் இயந்திரம் மூவாயிரத்துக்குள் நின்றுவிடும். ஆயினும் ஒரே அச்சில் சுழல்வதால் ஒரே இடத்தில் சூடேற்றும், கைதேர்ந்தவருக்கே உரியது. மூன்றாவது வகையின் தட்டு, தலையாட்டும் பம்பரம்போலச் சுழன்றுகொண்டே அலையும். அளவு மீறி அழுத்தினால் சுழற்சி தானாகவே அடங்கிவிடும். கற்றுக்குட்டியின் கையிலும் வாகனம் பிழைப்பது இதனால்தான். மெழுகுக்கு அதன் மிகக் குறைந்த வேகங்களே போதும்.

வேலையும் சிக்கலானதன்று. நல்ல தண்ணீரில் கழுவி, ஈரம் முழுவதையும் ஒற்றியெடுக்க வேண்டும். மணல் ஒரு துளி இருந்தாலும் தட்டு அதனை அரமாக்கிவிடும். தகரம் தொட்டால் குளிர்ந்திருக்க வேண்டும், ஆதலால் விடியற்காலையும் நிழலும். கறுப்பு ரப்பர், பிளாஸ்ரிக் பகுதிகளுக்கு ரேப் ஒட்டிவிட வேண்டும்; மெழுகு பட்டால் வெளுத்த கறை போகாது. மென்மையான தட்டில் மெழுகைச் சிறிதே தொட்டு, இயந்திரத்தைத் தகரத்தின்மீது வைத்த பின்னரே முடுக்க வேண்டும். முதலில் முடுக்கினால் மெழுகு சுவரில் இருக்கும். இது என் சொந்த அனுபவம், வீட்டுக்காரி இன்னும் நினைவூட்டுகிறாள். பனி படர்ந்தது போன்ற மெல்லிய படலம் போதும். தடிப்பாகப் பூசினால் கூடுதல் காப்பு கிடைக்காது, துடைப்பவரின் தோள்தான் நோகும். சற்றே உலர்ந்ததும் விரலால் இழுத்துப் பார்த்து, சுத்தமாக வந்தால் மைக்ரோபைபர் துணியால் துடைக்கலாம். கையால் அரைநாள் பிடிக்கும் வானை மச்சானும் நானும் ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தில் பூசி முடித்தோம். நம் வெயிலில் அது ஓரிரு மாதங்களே நிற்கும். பிறகு மீண்டும் பூசலாம், எதுவும் தேய்ந்துபோகாது.

அந்த மெழுகின் பிறப்பிடம் எனக்குப் பெருவியப்பைத் தந்தது. பெயர்பெற்ற கர்னோபா மெழுகு, பிரேசிலின் வடகிழக்கில், வறண்ட சியாரா, பியாவி மாநிலங்களில் வளரும் ஒரு பனையின் ஓலையிலிருந்து வருகிறது. நம் பனைபோலவே விசிறி ஓலை. வெயில் ஈரத்தை உறிஞ்சாதபடி ஓலை தன்மேல் மெழுகைப் பூசிக்கொள்கிறது. ஓலையை வெட்டி, காயவைத்து, அடித்து உதிர்த்து எடுக்கின்றார்கள். எண்பது பாகை செல்சியசுக்கு மேலேதான் உருகும். பனங்காட்டு மக்களாகிய நாம், வறண்ட நிலத்துப் பனையின் உபாயத்தைத் தகர டப்பாவில் விலைக்கு வாங்குகின்றோம்.

மெழுகு எல்லாவற்றையும் காக்குமென்று யாரும் நம்பிவிடவேண்டாம். உப்புத் துரு பெரும்பாலும் கீழிருந்தே ஏறும். மட்கார்டின் உட்புறம், கதவுகளின் அடியிலுள்ள நீர் வடியும் துளைகள், சேற்றுமண் தங்கும் மடிப்புகள் ஆகியவற்றை நல்ல தண்ணீரால் அலசாமல் மேலே மட்டும் மினுக்குவது, பல் துலக்காமல் பவுடர் பூசுவதற்கு ஒப்பானது.

கராஜ்காரரிடம் வாகனத்தை விடும் வாசகர்கள், “பொலிஷ் பண்ணுங்கோ” என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போகவேண்டாம். வெட்டப் போகிறீர்களா, பூசப் போகிறீர்களா என்று கேளுங்கள். கையில் இருக்கும் இயந்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். தொழிற்பயிற்சி கொடுப்போரிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு: வெல்டிங்கும் ரிங்கரிங்கும் கற்கும் பிள்ளைகளுக்கு இந்த வேறுபாட்டை ஒரு பிற்பகலில் சொல்லிக்கொடுத்துவிடலாம். அந்தப் பையனுக்கு அதனை யாரும் சொல்லியிருக்கவில்லை.

மச்சான் வானை விற்கவில்லை. பொனட்டுக்கு மறுபூச்சு அடித்தார். புதுப்பூச்சு இறுகும்வரை மெழுகு வைக்கக்கூடாதென்று இரண்டு மாதம் காத்திருந்தார். இப்போது ஞாயிறு பூசைக்கு முன், வேப்பமர நிழலில் அவர் இயந்திரத்தோடு நிற்கும்போது, அயலிலுள்ள முச்சக்கரவண்டிக்காரர் இருவர் தங்கள் முறைக்காகக் காத்திருக்கின்றனர். பொனட்டின் நீலம் மற்றப் பாகங்களோடு இன்னமும் ஒத்துப்போகவில்லை.